நாற்பதுக்கு மேல் போகாத வண்டி

பாய்,

கருகிய எண்ணெயின் வாசம் செய்தித்தாள் சுற்றையும் தாண்டி வருகிறது. மூன்று வாரமாக என் மேசைமேல் ஒரு பொட்டலம் இருக்கிறது. உள்ளே நம் வண்டியின் பழைய பிஸ்டன். தேய்ந்த இன்ஜினைக் கடைந்து ரீபோர் செய்து, புதுப் பிஸ்டன் போட்ட மெக்கானிக், "பழச வூட்டுக்கு எடுத்துனு போங்க ஐயா. இல்லன்னா மாத்தவே இல்லன்னு பின்னாடி சண்டைக்கு வருவீங்க" என்று சிரித்துக்கொண்டே கையில் திணித்தார். நானா சண்டைக்குப் போவேன்? நீங்கள் இருந்திருந்தால் அதற்கே அரைமணி நேரம் சிரித்திருப்பீர்கள்.

வண்டியை ஒப்படைக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதுக்கு மேல போவாதீங்க." எல்லா மெக்கானிக்கும் சொல்வதுதான். நான் தலையாட்டிவிட்டு, பட்டறை வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றுகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த வாக்கியத்தை இதற்கு முன்பும் ஒருமுறை கேட்டவன் நான். கேட்டதை உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னவனும் நான்.

நம் வண்டி என்று எழுதிவிட்டேன். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது. காலையில் துடைப்பது, பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போடுவது, செயினில் எவ்வளவு தொய்வு என்று விரலால் பார்ப்பது, பார்த்ததை நோட்டில் எழுதுவது எல்லாம் என் வேலை. ஆனால் ஆம்பூர் எல்லையைத் தாண்டினால் ஓட்டுவது நீங்கள். லாரிகளுக்குப் பயந்தவன் நான். பின்னால் ஹாரன் கேட்டாலே கை தானாக வண்டியை மண்ணில் இறக்கிவிடும். "தாலி கட்னது நீ, குடும்பம் நடத்துறது நானு. நல்லாக்கீது சார் உன் நியாயம்" என்று தொழிற்சாலை வாசலில் எல்லோர் எதிரிலும் சொல்வீர்கள். எனக்குக் காது சிவந்துவிடும். நீங்கள் என்னை 'நீ' என்பீர்கள். அவ்வளவு காலப் பழக்கத்தில் எனக்கு அது உங்களிடம் வரவேயில்லை. இப்போதும் வரவில்லை பாருங்கள்.

ஒரே தோல் தொழிற்சாலையில் நான் ஆய்வுக்கூடத்திலும் நீங்கள் ஃபினிஷிங் பிரிவிலும் இருந்தோம். தோலை நறுக்கி, கரைத்து, காய்ச்சி, இரண்டு நாள் கழித்து நான் எழுதிக் கொடுப்பதை நீங்கள் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிச் சொல்லிவிடுவீர்கள். "சாரு ரிப்போர்ட்டு வர்றதுக்குள்ள மாடே திரும்பப் பொறந்துடும்." அதிலும் கோபம் கிடையாது. நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் சரக்கை அனுப்புவீர்கள். முறை என்று ஒன்று இருக்கிறது என்பதை உங்களைவிட மதித்தவர் அங்கே யாரும் இல்லை. அதுதான் பிறகு வினையாகிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

மாதம் ஒருமுறை உங்களைப் பெற்ற அத்தாவைப் பார்க்க மேல்விஷாரம் போவோம். எழுபத்தைந்து கிலோமீட்டர். இன்றைய பிள்ளைகளுக்கு அது ஒரு தூரமே இல்லை. நம் நூறு சிசி வண்டிக்கு அது ஒரு யாத்திரை. மாதனூர் தாண்டுவதற்குள் என் இடுப்பு பேசத் தொடங்கும். பள்ளிகொண்டா பக்கம் எதிர்க்காற்று. பஸ் உரசிக்கொண்டு போகும்போது நான் கண்ணை மூடிக்கொள்வதைக் கண்ணாடியில் பார்த்து, "கண்ண தொற சார், பஸ்ஸு போய்ட்சி" என்பீர்கள். மடியில் பழப்பை. இறங்கியதும் உங்கள் அத்தா உங்களை விட்டுவிட்டு என்னைத்தான் முதலில் கேட்பார், இடுப்பு எப்படி இருக்கிறது என்று. அவர் கொடுத்த தேநீரில் சர்க்கரை ஜாஸ்தி. ஒருநாளும் சொல்லத் தைரியம் வந்ததில்லை.

அந்த நாளைப் பற்றி நாம் ஒருமுறையும் பேசியதில்லை. இப்போது நான் மட்டும் பேசுகிறேன், மன்னியுங்கள்.

அன்று பந்த். பஸ் இல்லை, வாடகைக் கார் இல்லை. சுண்ணாம்பில் ஊறும் தோலுக்குப் பந்த் தெரியாது என்பதால் நாம் நாலைந்து பேர் வேலைக்கு வந்திருந்தோம். பதினோரு மணி இருக்கும். ஆபீஸ் ஃபோனில் உங்கள் அண்ணன். விடியற்காலையில் அத்தா போய்விட்டார். காலையிலிருந்து லைன் கிடைக்கவில்லை. மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். ரிசீவரை வைத்துவிட்டு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "சார், வண்டி" என்றீர்கள். அவ்வளவுதான்.

சாவியைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறியும் உட்கார்ந்தேன். ஏறாமல் இருந்திருக்கலாம். உங்களைத் தனியாக அனுப்பக்கூடாது என்றுதான் ஏறினேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறு நாள் முன்புதான் இன்ஜின் முதல் ரீபோர் முடிந்து வந்திருந்தது. நூற்றுப் பத்து கிலோமீட்டர்கூட ஓடவில்லை. வண்டியோடு வந்த சிறு புத்தகத்தில் நான் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன்: புது பிஸ்டன் சூடேறி இறுகினால் இன்ஜின் நடுவழியில் நின்றுவிடும், நாற்பதைத் தாண்டக்கூடாது, இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை பத்து நிமிஷம் ஆறவிட வேண்டும்.

பந்த் என்பதால் சாலை துடைத்து வைத்தது போல் இருந்தது. ஆம்பூரைத் தாண்டியதும் முள் ஐம்பதைத் தொட்டது. உங்கள் தோளைத் தட்டினேன். "பாய், நாப்பது." குறைத்தீர்கள். மறுபடி ஏறியது. மறுபடி தட்டினேன். மாதனூரில் நிறுத்தச் சொன்னேன். "நிக்கணுமா சார்?" என்று மட்டும் கேட்டீர்கள். "பிஸ்டன் இறுகி சீஸ் ஆயிட்டா இங்கேயே நின்னுடுவோம் பாய், இன்னைக்கு வேற வண்டியும் கிடைக்காது. போய்ச் சேரணும் இல்லையா?" என்றேன். பத்து நிமிஷம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், உங்களைப் பார்க்கவில்லை. நீங்கள் இன்ஜின் மேல் உள்ளங்கையைக் காட்டி அனலைப் பார்த்தபடி நின்றீர்கள். பள்ளிகொண்டாவில் இன்னொரு பத்து நிமிஷம். வேலூர் தாண்டி இன்னொன்று. நீங்கள் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் நான் அடங்கியிருப்பேன். வண்டி என்னுடையது, சொல்வதும் நான் என்பதால் மறுக்கவில்லை.

உங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது ஒன்றே முக்கால் தாண்டிவிட்டது. தெருவில் ஆண்கள் கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. எல்லோர் கையிலும் மண்.

நான் வண்டியோடு தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். அத்தாவின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. குழியில் மூன்று பிடி மண் போட எல்லோருக்கும் வாய்த்தது, பெற்ற பிள்ளைக்கு வாய்க்கவில்லை. உள்ளே உங்கள் அண்ணன் குரல் உயர்வது கேட்டது. என்ன என்று புரியவில்லை. உள்ளே போய், இது என் தவறு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நாலாம் நாள் வேலைக்கு வந்தீர்கள். ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று கேட்ட முதல் வார்த்தை இது: "இன்ஜின் எப்டிக்கீது சார்?"

அது குத்தலா, அக்கறையா? இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தோலை அளந்த அளவுக்கு அந்த ஒரு வரியை அளந்து பார்த்திருக்கிறேன். முடிவு கிடைக்கவில்லை. "நல்லா இருக்கு பாய்" என்றேன். "அது போதும்" என்று போய்விட்டீர்கள். ஆயிரம் கிலோமீட்டர் முடிந்து, இரண்டாயிரமும் முடிந்தது. நீங்கள் ஓட்டினால் வண்டி நாற்பதைத் தாண்டவேயில்லை. அமிர்தி அருவிக்குப் போன ஒருநாள் துணிந்து சொன்னேன், "இப்ப அறுபதுகூடப் போலாம் பாய்." நீங்கள் திரும்பாமலே, "இன்னாத்துக்கு சார் அவசரம்? இனிமே யாரு காத்துனுக்கீறாங்க?" என்றீர்கள். கண்ணாடியில் உங்கள் முகத்தைத் தேடினேன். கண்ணாடி ஆடிக்கொண்டிருந்தது.

பின்னொரு நாள் வேறொரு மெக்கானிக்கிடம் யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். "ஒரு அவசரம்னா அறுபதுல போக வேண்டியதுதான சார். ஒருநாள்ல இன்னா ஆயிடும்?" என்றார். அதையும் உங்களிடம் சொல்லவில்லை.

ஓய்வு பெற்று நீங்கள் மேல்விஷாரத்துக்கே போய்விட்டீர்கள். பெருநாளுக்கு ஃபோன், பொங்கலுக்கு ஃபோன். ஒவ்வொரு முறையும் இன்று கேட்டுவிட வேண்டும் என்று உட்கார்வேன். சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று பேசி வைத்துவிடுவோம். நீங்கள் இறந்துபோன செய்தி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது கண் ஆபரேஷனுக்காகப் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தேன். உங்கள் மண்ணுக்கு நானும் வந்து சேரவில்லை.

கண் தெளிந்து ஊர் திரும்பியதும் மேல்விஷாரம் கிளம்பிவிடலாம் என்று பார்த்தால் வண்டி புகை தள்ளியது. மகன், "பஸ்ஸில் போங்கப்பா, இல்லாவிட்டால் போகாதீங்க" என்றான். அவனுக்கு எப்படிச் சொல்வது? ரீபோர் முடிந்த மறுநாள் காலை நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். இந்த வயதில், அந்த ஆறு வழிச் சாலையில், முதல்முறையாகத் தனியாக. லாரி ஒவ்வொன்றும் காற்றால் என்னைத் தள்ளிவிட்டுப் போனது. மேம்பாலத்தில் ஏறுவதா, ஓரச் சாலையில் இறங்குவதா என்று யோசிப்பதற்குள் பின்னால் ஒருவன், "பெருசு, வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்று கத்தினான். விரல் மரத்துவிட்டது. மாதனூரில் நின்றேன், பள்ளிகொண்டாவில் நின்றேன், வேலூர் தாண்டியும் நின்றேன். இந்த முறை யாருக்கும் நேரமாகவில்லை. எத்தனை பத்து நிமிஷம் வேண்டுமானாலும் நிற்கலாம். அதுதான் தாங்கவில்லை பாய்.

உங்கள் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் அப்படியே. "யாரு, லேப் சாரா? வா சார், குந்து." கபரஸ்தானில் உங்களை அடக்கம் செய்த இடத்துக்குத் தானே கூட்டிப்போனார். அத்தாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லையாம், சுவரோரம் இருக்கிறீர்கள். மண் இன்னும் சரியாக இறுகவில்லை. நான் கைகட்டி நின்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது ஒன்றும் நினைவில் இல்லை.

திரும்பும்போது அவர்தான் ஆரம்பித்தார். "அன்னிக்கி மட்டும் அந்தப் பஞ்சர் ஆவாம இருந்திருந்தா, அத்தா மூஞ்சியப் பாத்திருப்பான்."

"எந்தப் பஞ்சர்?"

"இன்னா சார், நீயும்தான கூட வந்தே? பள்ளிகொண்டாவாண்ட பஞ்சராயி, பந்த்துல தொறந்த கடை தேடி ரெண்டு பேரும் ரெண்டு மைல் தள்ளினு போனீங்களே. அத்தா மையத்தப் பாக்கக் கெளம்புறவன் டயரப் பாக்க மாட்டியாடான்னு அன்னிக்கே நாலு பேர் எதிர்ல திட்டிட்டேன். அப்புறம் எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும் சொல்லிக் காட்டுவேன். தலையத் தொங்கப் போட்டுனு குந்தினு இருப்பான்."

என் கால் நின்றுவிட்டது. தெருமுனையில் கேட்ட அந்தக் குரல், இத்தனை காலத்துக் கல்யாணங்கள், உங்கள் தொங்கிய தலை. எனக்கு ஒன்றுமே தெரியாது.

வாழ்நாளில் ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பஞ்சர் ஆகவில்லை, நான்தான் நாற்பதுக்கு மேல் விடவில்லை, நான்தான் மூன்று இடத்தில் நிறுத்தினேன், உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். முழுவதும் சொன்னேன்.

அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எந்தம்பி எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்" என்றார்.

"இல்லைங்க, எனக்காகத்தான்..."

"சார்." கையை உயர்த்தினார். "அவன் அஜாக்கிரதைக்காரன். அது எனக்குத் தெரியும். ஆனா பொய் சொன்னதே இல்ல. இப்போ மௌத்தாயிட்டான். மௌத்தானவனப் பொய்க்காரனா ஆக்காத சார்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அடங்கிவிட்டேன். அவர் தம்பியை அவருக்கே விட்டுக்கொடுத்ததா, என் பழைய கோழைத்தனமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், அது செல்லுபடியாகவில்லை. அன்று நடந்ததை அறிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் ஒருவன்.

தேநீர் முடிந்து எழுந்தபோது வாசல்வரை வந்தார். வண்டியைக் காட்டி, "டயரப் பாத்துக்கினு போ சார்" என்றார், உங்களைத் திட்டியிருக்கக்கூடிய அதே குரலில். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெல்லக் குனிந்து, முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பிறகு பின்சக்கரத்தை. கல் ஏதாவது குத்தியிருக்கிறதா என்று சுற்றிவரத் தடவியும் பார்த்தேன். "சரியா இருக்குங்க" என்றேன். அவர் திருப்தியாகத் தலையசைத்தார்.

நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யை இனி நான்தான் காப்பாற்றியாக வேண்டும், பாய்.