எந்தக் கற்றாழை

அட்டன், இலங்கை,
14-6-1956, வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி சிவசாமிக்கு,

உமது மனைவி நாகலெட்சுமியின் வலது கைப் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் எடுத்துவிட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. இன்று காலை பத்தரை மணிக்குப் பெரியாஸ்பத்திரி டாக்டர் என்னிடம் நேரில் சொன்னார். இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். உயிருக்கு இப்போது ஆபத்தில்லை என்பதும் அவர் சொன்னதுதான். நேற்றிலிருந்து காய்ச்சல் குறைந்திருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதில் நான் செய்ததும் இருக்கிறது.

இரண்டாந் தேதி சனிக்கிழமை மாலை சோறு வடிக்கும்போது பானை சரிந்து, கொதிகஞ்சி அவள் கையில் கொட்டியது. மறுநாள் லயத்தில் பக்கத்து அறையான காம்பிராவில் இருக்கும் ராக்காயி அவளைத் தோட்டத்து மருந்துச்சாலைக்கு அழைத்துப் போனாள். மருந்துக்காரர் களிம்பு டப்பா ஒன்றை நீட்டினார். நாகலெட்சுமி வாங்கவில்லை. "உங்க மருந்து டப்பாவுல அடைச்சதுங்க. பச்சை மடல்தான் கேக்கும்னு பேப்பர்ல போட்டிருக்கு" என்றாளாம். "அப்ப அந்தப் பேப்பர்காரன்கிட்டயே போய்க் கட்டுப் போட்டுக்க" என்று அவர் டப்பாவை உள்ளே வைத்துவிட்டார்.

அந்தப் பேப்பர்காரன் நான்தான். மே இருபதாந் தேதி ஞாயிறு இதழில் கற்றாழை ஆராய்ச்சி பற்றி எழுதியிருந்தேன். எக்ஸ்ரே கதிர் பட்டு வெந்த தோலில், புதிதாக வெட்டிய மடலின் சாற்றைப் பூசினால் புண் ஆறுகிறது என்று மேல்நாட்டில் சில டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். அதையே களிம்பாக்கி வைத்தால் பல சமயம் பலன் குறைகிறது, காரணம் தெளிவாகவில்லை. முகப்பூச்சுகளிலும் அதைச் சேர்க்கிறார்கள். கொழும்பு டாக்டர் ஒருவர் தந்த மருத்துவ சஞ்சிகைகளோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுப் பார்த்தே அனுப்பினேன்.

தலைப்பில் முதலில் சோற்றுக்கற்றாழை என்றுதான் எழுதினேன். பத்தி அகலத்துக்கு அடங்கவில்லை. 'சோற்று' என்பதை அடித்தேன். தலைப்பில் ஒன்றும் உள்ளே வேறொன்றும் இருக்கக் கூடாது என்று உள்ளேயும் ஏழு இடங்களில் அடித்தேன்.

எங்கள் கடைவீட்டுத் தொட்டியில் இருப்பது அந்தச் சோற்றுக்கற்றாழைதான். கற்றாழை என்றால் எனக்கு வேறொன்று நினைவில் வரவில்லை. நாகலெட்சுமி அக்கரப்பத்தனையில் பிறந்தவள். அந்தக் குளிரிலும் மழையிலும் சோற்றுக்கற்றாழை நிற்காது. அவள் அறிந்த கற்றாழை, தோட்டத்து எல்லையில் வேலியாக ஆள் உயரத்துக்கு நிற்கும் ஆனைக்கற்றாழை. துறையூரில் பிறந்த உமக்கு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அதன் சாறு பட்டால் நல்ல தோலே அரித்துக் கொப்பளிக்கும்.

அது அவளுக்கும் தெரியும். "அது அரிக்குமேடி, பச்சைப் புண்ணுல வைக்காத" என்று ராக்காயி தடுத்திருக்கிறாள். அதற்கு இவள், "அரிச்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். கணேசமூர்த்தி ஐயா பொய் எழுத மாட்டாங்க. மூஞ்சி மினுக்கிறவளுக எல்லாம் பூசிக்கிறாளுகளாம், என் கைக்கு என்ன கேடு?" என்று சிரித்தாளாம். தோட்டத்துச் சேதிகளை இத்தனை வருஷம் எனக்குக் கொண்டுவந்து தந்தவர் நீர். அவற்றை நான் மாற்றாமல் எழுதியதைப் பேப்பரில் படித்துப் பழகியவள் அவள். தன் கண்ணால் கண்டதைவிட என் எழுத்தை நம்பிவிட்டாள்.

நான்கு நாள், காலையும் மாலையும் புதுமடல் வெட்டிக் கட்டினாள். ஏழாந் தேதி விரல் நுனிகள் கறுத்து, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியதும் தேயிலைக் கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாந் தேதி ராக்காயி என் வீட்டுக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு மடல் துண்டை எடுத்து மேசையில் வைத்து, "இதானேங்க நீங்க எழுதினது?" என்று கேட்டாள். அது ஆனைக்கற்றாழை.

மறுநாள் வார்டில் நாகலெட்சுமியிடம் என் தவற்றைச் சொன்னேன். "விடுங்கய்யா, நீங்க என்ன எங்க வேலியப் பாத்தா எழுதினீங்க?" என்றாள். பிறகு, "அவருக்குச் சின்னப் புண்ணுன்னு மட்டும் எழுதிடுங்க, அங்கயே மாமாவுக்கு முடியாம கிடக்கு" என்றாள். அப்படி எழுத என்னால் ஆகவில்லை.

திருத்தம் செவ்வாய்க்கிழமை இதழில் வந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் நான்கு வரி. நேற்று மூன்று லயங்களில் வீடு வீடாகக் கேட்டேன். யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. கட்டுரையை மட்டும் யாராவது வாசிக்க எல்லோரும் கேட்டிருந்தார்கள். பொன்னையாவின் மகள் முகப்பருவுக்கு அரைத்து வைத்திருந்ததைக் கொட்ட வைத்துவிட்டு வந்தேன். இதழ் போன மற்றத் தோட்டங்களில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கொழுந்து கிள்ளுவது அந்த இரண்டு விரல்களால்தான். தோட்டத்து மேற்பார்வை உத்தியோகத்தரான கண்டாக்கைப் பார்த்து, அவள் வேலை என்னாகும் என்று கேட்டேன். "வேலைப் பதிவுல பேரு இருக்குமா வெட்டுறதான்னு தொரைதான் சொல்லணும். பேரு போனா காம்பிராவும் போகும், உங்களுக்குத் தெரியாததா" என்றார். மாதக் கடைசியில் துரை முடிவு சொல்வாராம். தகப்பனாரைப் பார்க்க இந்தியாவுக்குப் போன நீர் திரும்பி வருவதற்கான அனுமதி பற்றித் திங்கட்கிழமை கொழும்பில் குடிவரவுக் கந்தோரில் விசாரித்தேன். பரிசீலனையில் இருக்கிறதாம். முப்பதாந் தேதிக்குப் பிறகு வரச் சொன்னார்கள். டாக்டரின் சான்றைச் சேர்த்தால் துரிதமாகுமா என்றேன். சேர்க்கலாம் என்றார்களே தவிர, ஆகும் என்று சொல்லவில்லை.

நாளை மறுநாள் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆப்பரேஷன். வெட்டுவது இரண்டு விரல்களோடு நிற்குமா என்பதை அப்போதுதான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். அன்று மாலையே துறையூருக்குத் தந்தி கொடுப்பேன். அது இந்தக் கடிதத்தை முந்திவிடும். ஆகையால் நீர் இதைப் படிக்கும்போது, எனக்கு இன்று தெரியாதது உமக்குத் தெரிந்திருக்கும்.

இருபத்தைந்தாந் தேதி திங்கட்கிழமை கட்டு அவிழ்ப்பார்கள். அன்றுதான் அவள் தன் கையைப் பார்ப்பாள். என்னைப் பற்றி நீர் எதை நினைத்தாலும் அது நியாயம்தான், எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்கு எழுதும், தம்பி. அந்தத் திங்கட்கிழமைக்கு முன் உமது கடிதம் அவளிடம் வந்து சேர வேண்டும்.

ச. கணேசமூர்த்தி