கோட்டில் நின்றவருக்கு

சேக்காடு, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செலின் அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நானும் செலினும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகமா என்று கேட்பதுதான் முறை. பதில் வரப் போவதில்லை என்று தெரிந்ததால் கேட்கவில்லை. உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. கோவில்பதாகை இஸ்மாயில் அண்ணன் நாளைக்குக் கொல்கத்தா ரயில் ஏறுகிறாராம். நீங்கள் கோட்டில் நிற்கிற அதே பள்ளிப் பிள்ளைகள் கால்பந்துப் போட்டிக்கு அவரும் நடுவராக வருகிறார். மாவடு கொடுக்கிற சாக்கில் இந்தக் கடிதத்தையும் அவர் பையில் வைத்துவிடப் போகிறேன். இதைப் படிக்காமல் மாவடு பாட்டிலைத் திறக்காதீர்கள்.

வீட்டில் தண்ணீர் மோட்டார் மறுபடியும் காற்று வாங்குகிறது. ஆள் வந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனவன் போனவன்தான். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து உங்கள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். லீக் சீசன்தான் முடிந்துவிட்டதே, கிறிஸ்துதாஸ் எப்போது வேலைக்கு வருவார் என்று கேட்டார். சீசன் முழுக்க முகம் சுளிக்காமல் லீவு கொடுத்த மனிதர். பிள்ளைகள் போட்டி ஒன்று மிச்சம் இருக்கிறது, முடித்துவிட்டு வருவார் என்றேன். அவர் நம்பிவிட்டார். நான் நம்பவில்லை. கொல்கத்தாவில் கொடி பிடிக்க ஆளா இல்லை?

தேசிய லீக்கில் லைன்ஸ்மேனாக, கோட்டோரம் கொடி பிடிக்கிற நடுவராக, உங்களை எடுத்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்த அன்று தெருவுக்கே லட்டு கொடுத்தோம். அந்த வருஷமே பக்கத்து வீட்டு லோகேஷும் அதே லீக்கில் ஒரு அணிக்கு முன்வரிசை ஆட்டக்காரனாகப் போனான். செலின் போனில் மேட்ச் பார்த்தால் பந்தைப் பார்க்க மாட்டாள். கோட்டோரமாக ஓடுகிற உங்களைத்தான் பார்ப்பாள். கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை என்றால் கேமராக்காரனைத் திட்டுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் லோகேஷின் அம்மா நாகம்மாள் அக்கா, மகன் பெயரைச் சொல்லிக் கத்துவது இங்கே கேட்கும். இவ்வளவு சந்தோஷமான சீசன் எப்படி முடிந்தது பாருங்கள்.

அந்தக் கடைசி மேட்ச்சைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசுகிறேன். ஜெயித்தால்தான் லோகேஷ் அணி லீக்கில் தங்கும் என்ற நிலைமை. முடிகிற நேரத்தில் அவன் பந்தை வாங்கிக் கோல் போட்டான். நாகம்மாள் அக்கா வீட்டில் பட்டாசு மாதிரி சத்தம். அப்புறம்தான் உங்கள் கொடி மேலே இருப்பதைப் பார்த்தோம். ஆஃப்சைடு. அவனுக்குப் பந்து போட்ட நேரத்தில் எதிரணியின் கடைசித் தடுப்பு ஆளைத் தாண்டி அவன் நின்றான் என்று சொல்லிவிட்டீர்கள். கோல் இல்லை. அணி கீழ் லீக்குக்கு இறங்கிவிட்டது. அவனை அடுத்த வருஷத்துக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அன்றைக்கே வீடியோவை நிறுத்தி, கோடு போட்டு, ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். அவன் தாண்டவில்லை. ஒரு அடி பின்னால்தான் நின்றான். எனக்கே தெரிகிறது, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உங்கள் நம்பர் எப்படியோ வெளியே போய், கண்டவன் எல்லாம் கூப்பிட்டு அசிங்கமாகப் பேசினான். போனை அணைத்தது சரிதான். வீட்டுக்கு வராமல் இருப்பது சரியில்லை.

இங்கே நாங்கள் என்ன ஆனோமோ என்று பயந்திருப்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. தெருப் பையன்கள் சிலர் நம் கேட் முன்னால் நின்று சத்தம் போட்டார்கள். நாகம்மாள் அக்காதான் வெளியே வந்து, "இன்னாடா கூச்சல் போட்டுகினு கீறீங்க? அந்த மன்சன் நேத்து வரிக்கும் என் ஊட்ல டீ குட்சிகினு இருந்தவரு. எவனாச்சும் கல்லு வுட்டீங்க, கைய ஒட்சி அடுப்புல வச்சிருவேன்" என்று விரட்டினார். அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இன்றைக்குக் கோயில் முடிந்து வந்ததும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அங்கே போனேன். திட்டினால் வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். லோகேஷ் கூடத்தில் படுத்திருந்தான். ஷூவை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டான். பூந்தமல்லி ரோட்டில் ஒரு குடோனில் அவன் அப்பா பரந்தாமன் அண்ணன் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார், அடுத்த வாரம் சேர வேண்டும். அது போகட்டும். வேறொரு அணியின் கோச் அவனை நேரிலேயே கூப்பிட்டிருக்கிறார். வந்து ஆடிக் காட்டு, எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். இவன் வரவில்லை என்று சொல்லிவிட்டான். அந்த ஆள் நல்லவர், வாரக் கடைசி வரை யோசித்துச் சொல் என்று விட்டிருக்கிறார்.

உங்கள் மேல் கோபத்தில்தான் இப்படிச் செய்கிறான் என்று நினைத்தேன். தம்பி, நீ ஆஃப்சைடு இல்லை, வீடியோவில் பார் என்று என் போனை நீட்டினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதுவரை அந்த வீடியோவை அவன் பார்க்கவே இல்லையாம். "இன்னாக்கா நீ, நீயா கோட்ல நின்ன? அண்ணாத்தே நின்னாரு. அவரு கொடி தூக்குனா கரீட்டாத்தான் தூக்குவாரு. நான் எங்க நிக்கிறேன்னே எனக்குத் தெர்ல. அது தெரியாதவன் ஆடி இன்னா பண்றது?" என்றான்.

நாகம்மாள் அக்கா அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு அழுதார்.

அவன் உங்களை வெறுத்திருந்தால் பிழைத்திருப்பான். கோபத்திலாவது போய் ஆடியிருப்பான். உங்களை நம்பித்தான் கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறான்.

இப்போது நான் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மேட்ச்சுக்கு முந்தின நாள் போனில் என்ன சொன்னீர்கள்? லோகேஷ் ஆடுகிற மேட்ச் எனக்கு விழுந்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சாதகமாகப் பார்த்தான் என்று ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது என்றீர்கள். எனக்கு அப்போதே பழையது எல்லாம் ஞாபகம் வந்தது. சபை விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்துக்கு நீங்கள்தான் கோட்டில் நின்றீர்கள். செலின் இரண்டாவதாக வந்ததை மைதானமே பார்த்தது. நீங்கள் மூன்றாவது என்றீர்கள். கிறிஸ்துமஸ் கேக் வெட்டினால் உடைந்த துண்டு நம் பிள்ளைக்குத்தான். எல்லாருக்கும் சரியாக அளக்கிற மனிதர், நம் ஆள் என்று வந்தால் ஒரு அடி குறைத்தே அளப்பீர்கள். ஊர் உங்களை நேர்மையானவர் என்கிறது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் இது நேர்மை இல்லை, பயம். அந்த மேட்ச்சில் கொடி தூக்கியபோது கேமராவில் உங்கள் முகத்தைக் காட்டினார்கள். செலினை மூன்றாவது என்று சொன்னபோது இருந்த அதே முகம்.

மைதானத்தில் எடுத்த முடிவைப் பற்றி நடுவர் வெளியே வாய் திறக்கக் கூடாது என்பீர்கள். திறக்க வேண்டாம். பேப்பருக்குச் சொல்லுங்கள், கமிட்டிக்கு எழுதுங்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பையனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவன் அம்மா சொன்னார், கூட ஆடினவர்கள் சொன்னார்கள். அவன் யார் பேச்சையும் எடுத்துக்கொள்வதாக இல்லை. கோட்டில் நின்றது நீங்கள் ஒருத்தர்தான்.

போனில் சொல்லிவிடலாம் என்று பார்க்காதீர்கள். தேற்றுவதற்காகச் சொல்கிறீர்கள் என்று நினைப்பான். உங்கள் முகத்தைப் பார்த்தால்தான் நம்புவான். இஸ்மாயில் அண்ணனிடம் கேட்டேன், உங்கள் ஆட்டங்களையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வாரக் கடைசிக்குள் இங்கே இருங்கள்.

தெருமுனையில் நாலு பேர் முறைப்பார்கள். முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும், நான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களோடு நடந்து வருகிறேன். செலினுக்குச் சொல்ல வேண்டியதையும் ஒரு நாள் சொல்லுங்கள், அவள் காத்திருப்பாள். லோகேஷுக்கு அவ்வளவு நாள் இல்லை.

வழியெல்லாம் ஆண்டவர் உங்களோடு கூட வரட்டும். வந்ததும் பையோடு நம் வீட்டுக்குள் நுழையாதீர்கள். முதலில் அந்த வீட்டுக்குப் போய், நீ சரியாகத்தான் நின்றாய் என்று அவனிடம் சொல்லிவிட்டு வாருங்கள். சோறு எடுத்து வைத்திருப்பேன். ஆறினாலும் பரவாயில்லை.

உங்கள்
எவாஞ்சலின்