அக்காவுக்கு நான்கு ஸ்டூல்

மார்ச் 3, ஞாயிறு, காலை 6.40
முடிந்த ஸ்டூல்: ஒன்று. பாக்கி: மூன்று.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் விஷயம்: முதல் ஸ்டூல் முடிந்துவிட்டது. முழுக்க என் கையால் செய்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

போனில் நான் உன்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடுவதில்லை, அதனால் இனி எதுவானாலும் கடிதம்தான் என்று உத்தரவு போட்டுவிட்டாய். சரி. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தபால் போய்ச் சேர மூன்று நாள் ஆகிறது. அந்த மூன்று நாள் நான் என்ன செய்வது? அதனால்தான் மரவேலையில் இறங்கினேன்.

வீடு பிடித்துவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அந்த விவரம். இரண்டாம் மாடி. ஒரு கூடம், சமையலறை, இரண்டு அறை. கிழக்கு ஜன்னல் வைத்த அறை உனக்கு. காலை ஏழு பத்துக்கு உன் கட்டில் வரப்போகிற இடத்தில் வெயில் விழுகிறது. மூன்று நாள் பார்த்து, தரையில் சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறேன். விவாகரத்துத் தீர்ப்பு உன் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஹாஸ்டல் அறையை மாத முடிவில் காலி செய்ய வேண்டும் என்றாய். ஆக ஏப்ரல் ஒன்றாம் தேதி நீ இங்கே இருக்கிறாய். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மரவாடியில் பழைய ஜன்னல் சட்டங்களைக் குவித்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, முறுக்கில்லாததாக ஆறு பொறுக்கினேன். மரவாடிக்காரர் என் கம்பெனிச் சட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று கேட்டார். அக்காவுக்கு ஸ்டூல் செய்கிறேன் என்றேன். கடையில் கிடைக்காதா என்றார். கிடைக்கும். அதில் பலகைக்கும் காலுக்கும் நடுவே ஆணி இருக்கும். இதில் ஒரு ஆணிகூடக் கிடையாது. கால் முனையைச் செதுக்கிப் பலகைத் துளையில் இறக்கி, மேலே ஆப்பு அடித்திருக்கிறேன். நேற்று அதன்மேல் ஏறிக் குதித்தேன். கீழ்வீட்டு ஆள் மேலே வந்து என்ன சத்தம் என்றார். அவரையும் ஏற்றிக் குதிக்க வைத்தேன்.

உயரம் 45 சென்டிமீட்டர். புத்தகத்தில் போட்டிருக்கிற அளவு.

நீ நலம்தானே? சாப்பிடுகிறாயா? உடனே பதில் போடு.

உன் தம்பி


மார்ச் 7, வியாழன், மாலை

அன்பும் அவசரமும் நிறைந்த தம்பிக்கு,

அக்கா நலம். உன் கடிதத்தை ஹாஸ்டல் மேற்பார்வை அம்மா என் கையில் கொடுத்தபோதே சிரித்தார். உறையின் மேல் "அவசரம்" என்று இரண்டு இடத்தில் எழுதினால் தபால்காரர் ஓடியா வருவார்?

ஏறிக் குதித்ததைப் படித்துவிட்டு அறைத்தோழியிடம் சொன்னேன். இவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். ஆகவில்லை என்றேன். அதான் தெரியுதே என்றாள்.

பள்ளி திறப்பதற்கு முன்னால் எங்கள் தையல் கம்பெனியில் சீருடை வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நாளொன்றுக்கு இருநூறு கால்சட்டை வெட்டுகிறேன். நின்றுகொண்டே வேலை, சாயங்காலமானால் கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் முதலாளி, வெட்டு மேசை முழுவதையும் என் பொறுப்பில் விட்டுவிட்டார். இனி மாஸ்டர் என்றால் நான்தான். என்னைவிடப் பத்து வயது பெரிய ஆண்கள் "மாஸ்டர், இதைப் பாருங்க" என்று துணியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முதல் நாள் திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று.

ஏப்ரல் ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடிவை நானே எழுதுகிறேன். அதுவரை அந்த அறைச் சுவரில் எதையும் அடிக்காதே, பூசாதே. சரியா? வெறும் டீயைக் குடித்துவிட்டு இழைப்புளியைத் தூக்காதே.

அன்புடன்,
அக்கா


மார்ச் 12, செவ்வாய், காலை 5.55
முடிந்த ஸ்டூல்: நான்கு. ஆடுகிற ஸ்டூல்: நான்கு.

அன்புள்ள மாஸ்டர் அக்காவுக்கு,

பூசாதே என்று நீ எழுதிய கடிதம் வருவதற்குள் பெயிண்ட் காய்ந்துவிட்டது. மஞ்சள். கண்ணைக் குத்துகிற மஞ்சள் இல்லை, எலுமிச்சைத் தோல் உலர்ந்தால் இருக்குமே, அந்த மஞ்சள். வெயில் விழும்போது நீயே வாயைப் பிளப்பாய். கூடத்தில் சுவரோடு நீளமாக ஒரு பலகை அடித்திருக்கிறேன், உன் தையல் மெஷினுக்கு. மெஷின் வருகிற இடத்துக்கு நேர் மேலே விளக்கு. உன் நிழல் துணியில் விழாது, கோணம் போட்டுப் பார்த்துவிட்டேன். ஜன்னலுக்குத் திரை மட்டும் பாக்கி.

இப்போது ஸ்டூல் கதை. நான்கு கால் முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் உதிரி பாகங்களைச் சரிபார்க்க ஒரு கிரானைட் மேசை இருக்கிறது. அதன் மேல்பரப்பில் ஒரு மயிரிழை மேடு பள்ளம் கிடையாது. நான்கு ஸ்டூலையும் சாக்கில் கட்டிக்கொண்டு போய், அதன்மேல் வைத்து, கால் முனைகளை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து மட்டம் பார்த்தேன். என் செக்‌ஷன் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் வித்தியாசம் ஒரு காகிதக் கனத்தில் பாதிகூட இல்லை. உலகத்திலேயே மட்டமான ஸ்டூல் என்று ஒருவன் சொன்னான். பாராட்டா கிண்டலா என்று யோசிக்காமல் நன்றி சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்தேன். நான்கும் தட்தட் என்று ஆடின. தரையை அளந்து பார்த்தால் கூடத்தின் நடுவே நான்கு மில்லிமீட்டர் பள்ளம். கோளாறு தரையில். சுற்றியிருக்கிற மேட்டைத் தேய்த்துவிடலாம் என்று வீட்டுக்காரம்மாவிடம் போய்க் கேட்டேன். "தரையில கை வச்சே, நீயும் உன் ஸ்டூலும் தெருவுலதான்" என்றார். ஏதாவது வழி பண்ணுகிறேன்.

முக்கியமான செய்தி இனிமேல்தான். பக்கத்துத் தெருவில் ஒரு தையல் கம்பெனி. முதலாளியம்மாவிடம் போய் உன்னைப் பற்றிச் சொன்னேன். மாஸ்டர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஏப்ரல் இரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நீ வேலைக்குச் சேர்கிறாய். நான் சரி என்று சொல்லிவிட்டேன். நீ பெட்டியைக் கட்டினால் போதும், மற்றதெல்லாம் முடிந்துவிட்டது.

சந்தோஷத்தில் குதிக்கும்,
உன் தம்பி


மார்ச் 17, ஞாயிறு, மதியம்

என் அன்புத் தம்பிக்கு,

இதை முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு. பாதியில் கோபப்படாதே.

நான் அங்கே வரவில்லை. வீடு பார்த்துவிட்டேன். எங்கள் கம்பெனிக்குப் பின்னால் மூன்றாவது தெரு, ஒரே அறை, அதை ஒட்டிச் சின்னச் சமையல் இடம், தெருப் பக்கம் ஒரு ஜன்னல். வெள்ளிக்கிழமை சாவி வாங்கினேன். நேற்றுக் குடிவந்துவிட்டேன்.

கல்யாணமாகிப் போன அந்த வீட்டில் எட்டு வருஷம் இருந்தேன். என் கைப்பையை மாட்ட ஒரு ஆணி கேட்டேன். அவர் தன் அம்மாவைக் கேட்டார், அம்மா அப்பாவைக் கேட்டார். சுவர் கெட்டுப்போகும் என்று மூன்றாம் நாள் பதில் வந்தது. அப்புறம் எட்டு வருஷமும் என் பை கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. நேற்று இங்கே வந்ததும் முதல் வேலையாக ஆணி அடித்தேன். கோணலாக இறங்கிவிட்டது. பிடுங்கவில்லை, அப்படியே பையை மாட்டிவிட்டு, எதிர்ச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீ அவர்களைப் போல இல்லை. அன்பாகத்தான் செய்கிறாய், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அறை நிறம் நீ, கட்டில் இடம் நீ, வேலை நீ, சேருகிற மணிகூட நீ. நான் மாஸ்டர் ஆனேன் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு வேறு வேலை தேடிக் கொடுத்திருக்கிறாய். உன்னைக் கட்டிக்கொண்டு அழவா, தலையில் ஒன்று போடவா என்று தெரியவில்லை.

தரைமேல் ஏன்டா பழி போடுகிறாய்? ஸ்டூல் எங்கே நிற்கப்போகிறதோ அங்கே வைத்துத்தானே மட்டம் பார்க்க வேண்டும்? ஆளை நிற்க வைத்து அளவெடுக்காமல் துணியில் கத்திரி வைத்தால் எங்கள் கம்பெனியில் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

இங்கே உட்கார ஒன்றும் இல்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ராணி மாதிரி இருக்கிறது, சிரிக்காதே. எனக்கு இரண்டு ஸ்டூல் வேண்டும். நான்கு வேண்டாம். புத்தக அளவும் வேண்டாம், அதில் உட்கார்ந்தால் என் கால் தொங்கும். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை என் அளவு 39 சென்டிமீட்டர். ஜன்னலோர மூலையின் அளவை பிரவுன் காகிதத்தில் வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். அந்த இடத்துக்குள் அடங்க வேண்டும். தரை இங்கேயும் குண்டும் குழியுமாகத்தான் இருக்கிறது. பால்காரர் உட்காருகிற முக்காலி எந்தத் தரையிலும் ஆடுவதில்லை. அது ஏன் என்று படித்தவன் நீ சொல்லு.

கோபத்தில் பதில் போடாமல் இருந்தாலும் புரிந்துகொள்வேன். ஆனால் போடு.

உன் அக்கா


மார்ச் 24, ஞாயிறு, காலை 6.05
கிழித்த கடிதம்: மூன்று. ஸ்டூல்: இரண்டு. கால்: ஆறு.

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. முதல் கடிதத்தில் உன்னைத் திட்டினேன், இரண்டாவதில் கெஞ்சினேன், மூன்றாவதில் ஒரு வரிகூட நகரவில்லை. மூன்றையும் கிழித்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கல்யாணமாகி நாலாவது மாதம் என் கல்லூரிக்கு வந்தாய். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "நான் திரும்பி வந்துடட்டுமாடா?" என்று கேட்டாய். மறுநாள் எனக்குப் பரீட்சை. "பரீட்சை முடியட்டும்க்கா, பேசலாம்" என்றேன். சரி என்று சொல்லி, என் சட்டைக் காலரைச் சரிபண்ணிவிட்டு பஸ் ஏறிப் போனாய். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. நானும் பேசவே இல்லை. இப்போது ஒரு நாள் தாமதமானாலும் எனக்குப் பொறுக்க முடியாதது அதனால்தான். உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தால் மறுபடி எட்டு வருஷம் போய்விடும் என்று நினைத்துவிட்டேன். இன்னொன்றும் உண்டு. இந்தக் கூடத்தில் நான் ஒருவன் உட்கார்ந்து மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. ஆள் வேண்டியிருந்தது எனக்கு. அதை உன் பெயரில் எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்.

தையல் கம்பெனி முதலாளியம்மாவிடம் போய் நீ வரவில்லை என்று சொன்னேன். "உங்க அக்காகிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். வெளியே வருகிற வரைக்கும் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இனி ஸ்டூல். மூன்று புள்ளி இருந்தால் அவை எப்போதும் ஒரே தளத்தில்தான் இருக்கும். நாலாவது புள்ளிதான் வம்பு. பள்ளிக்கூடத்தில் படித்தது. பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியது. கிரானைட் மேசையில் இரண்டு நாள் நான்கு காலைத் தேய்த்தபோது மண்டையில் உறைக்கவே இல்லை. கீழ்வீட்டு ஆளிடம் சொன்னேன், அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடியில் விளக்குப் போட்டார்கள்.

மீதியிருந்த மரத்தில் இரண்டு புதிதாகச் செய்துவிட்டேன். உயரம் 39. பலகை வட்டம், இரண்டும் உன் காகிதத்துக்குள் அடங்குகிற மாதிரி வரைந்து வெட்டினேன். மூன்று காலையும் கொஞ்சம் வெளியே சாய்த்து இறக்கியிருக்கிறேன், இல்லாவிட்டால் ஓரத்தில் உட்கார்ந்தால் கவிழ்த்துவிடும். கூடத்துப் பள்ளத்தில் வைத்தேன், மாடிப்படியில் வைத்தேன், தெருவில் ஜல்லி கொட்டிக் கிடந்த இடத்திலும் வைத்தேன். ஆடவில்லை அக்கா. இரண்டும் ஒரு பொட்டுக்கூட ஆடவில்லை. தெருவிலேயே அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். சைக்கிளில் போன ஒருத்தர் இறங்கி, விற்கிறதா என்று கேட்டார். இல்லை, இது எங்கள் அக்கா வீட்டுக்கு என்றேன். 'அக்கா வீடு' என்ற வார்த்தையை முதல் தடவையாகச் சொல்கிறேன் என்பது வீட்டுக்குள் வந்தபிறகுதான் தெரிந்தது.

பலகைக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. நிறம் நீ சொல்வாய்.

இனி நான் செய்யப்போவது:

1. வருகிற சனிக்கிழமை, 30ஆம் தேதி, காலை 6.10 பஸ். ஸ்டூல் இரண்டும் மடியில்.
2. பஸ்ஸில் நடத்துனர் என்ன சொன்னாலும் அவற்றை மேலே கட்ட விடமாட்டேன்.
3. துளை போடும் மெஷின், பெயிண்ட், அளவு நாடா எதுவும் எடுத்து வரமாட்டேன். பையை யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம்.
4. உன் வீட்டுக் கதவை ஒரு தடவைதான் தட்டுவேன்.
5. உள்ளே வந்து, "எங்கே வைக்கட்டும்?" என்று கேட்பேன்.
6. நீ யோசித்துச் சொல்கிற வரைக்கும் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். எவ்வளவு நேரமானாலும்.

உன் தம்பி