வெயிலுக்குக் குறுக்கே ஒரு பலகை

14 அக்டோபர் 1972, சனி

நகராட்சியில் சொல்லிவிட்டார்களாம். கட்டுவதென்றால் இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து கட்டவேண்டும், இல்லையென்றால் கிடையாது. ஒட்டிப் பிறந்த இரட்டை வீடு, பின்பக்கம் ஒரே மாதிரிதான் இருக்கவேண்டுமாம். ஆக, ஒரு வருஷமாக நான் கெஞ்சிக் கேட்ட கண்ணாடி அறை இனி எனக்கு மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு அம்பிகா அக்காவுக்கும்தான்.

இவருக்கு அதில் சந்தோஷம்! "நல்லதாப் போச்சு உடு கிரிஜா. சேதுராமன் சார் கூட இருந்தா வேலை சுளுவா முடிஞ்சிரும்." இருக்காதா பின்னே, அக்காவின் வீட்டுக்காரர் சேதுராமன்தானே ஆராய்ச்சிக்கூடத்தில் இவருக்கு மேலே. அவர் சொல்லித்தான் இந்த ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தை விட்டு இவ்வளவு தள்ளி இந்த வீட்டில் பாதியை வாங்கினோம்.

யாரோடு சேர்ந்தாவது கட்டித் தொலையட்டும். எனக்கு வேண்டியது வெயில். போன குளிர்காலத்தில் நாலு மணிக்கு இருட்டிவிடும், நான் சமையலறையில் உட்கார்ந்து காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருப்பேன். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவே, வெளிச்சத்தில் உட்காருங்கள் என்றார். எங்கே போய் உட்கார? கோயமுத்தூரிலா?

3 நவம்பர் 1972

மெர்க்கிள் என்கிற கட்டடக்காரர் வரைபடத்தோடு வந்தார். வீட்டின் பின்பக்கம் மேற்குப் பார்த்தது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நீளமாக ஒரே அறை, சுற்றிலும் கண்ணாடி. வடக்குப் பாதி எங்களுக்கு, தெற்குப் பாதி அவர்களுக்கு. நடுவில் தடுப்பு வேண்டுமா என்று கேட்டார்.

"தடுப்பு எதுக்கு? நாம என்ன ஜெர்மன்காரங்களா, வேலி போட்டுக்கிட்டு இருக்க? அங்கிட்டும் இங்கிட்டும் போய் வந்துக்கிட்டு இருப்போம்" என்றார் அக்கா. எனக்கும் அது பிடித்திருந்தது. இந்த ஊரில் தமிழ் பேச அவரைத் தவிர எனக்கு யார்?

8 டிசம்பர் 1972

பதினெட்டாம் தேதி அஸ்திவாரம் போட வருகிறேன் என்றார் மெர்க்கிள். அதற்குள் மண் பனியில் உறைந்து இறுகாதாம். அக்கா பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "மார்கழியில யாராவது மனை கோலுவாங்களா? வெளங்குமா?"

மார்கழி மதுரைக்குத்தானே? இங்கே ஏது மார்கழி? வாய்வரை வந்தது, விழுங்கினேன். இவர் பக்கத்தில் நின்று கண்ணாலேயே என்னை அடக்கிக்கொண்டிருந்தார். மேலதிகாரி வீட்டம்மா!

ஆக இந்தக் குளிர்காலமும் சமையலறைதான்.

25 ஜனவரி 1973, வியாழன்

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. தோட்டம் முழுக்க உறைபனி. மஞ்சள் பிள்ளையாரைப் பிடித்து வைத்தால் அது அப்படியே விறைத்துக்கொண்டு நிற்கிறது. கற்பூரம் காற்றில் நிற்கவில்லை. சேதுராமன் ஓவர்கோட்டின் மேல் துண்டைக் கட்டிக்கொண்டு தேங்காய் உடைத்தார். மெர்க்கிளும் அவருடைய ஆட்களும் தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றார்கள், பாவம்.

பூஜையோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பூஜை போட்ட அன்றே ஈசானிய மூலையில் கொஞ்சமாவது கான்கிரீட் போட்டாகவேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார். ஈசானிய மூலை என்றால் வடகிழக்கு; அதாவது என் பாதி. மெர்க்கிள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்: உறைபனியில் போட்டால் பிடிக்காது, மார்ச் வரட்டும். சேதுராமன் அவருடைய சுத்தமான ஜெர்மனில் அரை மணிநேரம் பேசி அந்த மனிதரைச் சம்மதிக்க வைத்தார். கடப்பாரையால் மண்ணைக் கொத்தி, வெந்நீர் ஊற்றி, அந்த ஒரு மூலைக்கு மட்டும் போட்டார்கள். மேலே சாக்கைப் போட்டு மூடினார்கள். அக்கா சாக்குக்கும் குங்குமம் வைத்தார்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே எழுதுகிறேன்: அறிவு கெட்ட வேலை. பேசாமல் இருந்த இவரையும் சேர்த்துத்தான்.

19 மே 1973, சனி

அறை முடிந்தது. எவ்வளவு வெளிச்சம்! காலையில் வெறுந்தரையில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் அவர்கள் பக்கத்துத் தெற்குக் கண்ணாடி வழியாக நுழைந்த வெயில் அறை முழுக்க நடந்து என் பக்கத்துச் சுவர்வரை வந்தது. முதுகில் சூடு ஏற ஏற அழுகையே வந்துவிட்டது. இது நல்ல அழுகை.

இவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பிரம்பு நாற்காலி இரண்டும் வட்ட மேசையும் வாங்கினேன். நாணல் தட்டி ஒன்று. தொட்டியில் எலுமிச்சைச் செடி ஒன்று. அக்கா ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கியிருக்கிறார். கண் கூசுகிறது. இருக்கட்டும், அவர் பக்கம்.

2 ஜூலை 1973

என் மூலை இறங்கிவிட்டது. ஈசானிய மூலை! அடிக் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு மழை ஒழுகுகிறது, தோட்டத்துக் கதவு சாத்தமாட்டேன் என்கிறது. மெர்க்கிள் குனிந்து பார்த்துவிட்டு, "ஜனவரி" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "ஈசானிய மூலை உன் பக்கம் வந்ததுக்கு நானா பொறுப்பு? அது கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்கிறார். குடுத்து வைத்தேனாம்! நேராகப் பார்த்துச் சொல்கிறார், சிரிக்கக்கூட இல்லை.

11 ஆகஸ்ட் 1973, சனி

என் பிரம்பு நாற்காலிகள் மேல் அம்பிகா பழைய புடவையை விரித்து மிளகாய் காயப் போட்டிருக்கிறாள். ஊரிலிருந்து வந்த மிளகாய் நமத்துவிட்டதாம், என் பக்கம்தான் காற்றோட்டமாக இருக்கிறதாம். கண்ணாடிக்குள் நெடி ஏறி வீட்டுக்குள் நுழையமுடியவில்லை. இவர் இருமிக்கொண்டே, "போச்சாது உடு அம்மிணி" என்கிறார். போனால் போகிறதாம்!

எத்தனை போச்சாது! அவள் பையன்கள் மூன்று சக்கர வண்டியை என் மேசையில் மோதினார்கள் — போச்சாது. எலுமிச்சையில் இருந்த ஒரே பூவையும் கிள்ளினார்கள் — போச்சாது. நான் போச்சாது என்று விட்டால் இந்த மனிதருக்குப் பதவி உயரும், அதுதானே?

30 செப்டம்பர் 1973, ஞாயிறு

இதை எழுதவே கூடாது என்று நினைத்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பையன்களை வண்டியை உங்கள் பக்கத்திலேயே ஓட்டச் சொல்லுங்கள் அக்கா என்றேன். தன்மையாகத்தான் சொன்னேன். சாமி சத்தியமாகத் தன்மையாகத்தான் சொன்னேன்.

"பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஒத்தையில கெடக்குற உனக்கு எதுக்கு இம்புட்டு எடம்?"

சொல்லிவிட்டு, அடுப்பில் என்னவோ இருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டாள்.

எட்டு வருஷம் ஆயிற்று கல்யாணம் ஆகி. எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு மாசமும் எனக்குத் தெரியாதா? அடிப்பாவி! உன் வாய் அழுகிப் போக.

1 அக்டோபர் 1973

இவரிடம் சொன்னேன்: நடுவில் தடுப்பு வரவேண்டும். தரையிலிருந்து கூரைவரை. கண்ணாடி வேண்டாம், அவள் முகம் தெரியும். பலகை. இல்லையென்றால் நான் ஊருக்குப் போகிறேன். இந்தத் தடவை போச்சாது சொல்லவில்லை மனிதர்.

20 அக்டோபர் 1973, சனி

மெர்க்கிளின் தச்சர் வந்து அடித்துவிட்டுப் போனார். நல்ல கனமான பலகை. அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டு, "வீட்டைக் கூறு போடுறா பாருங்க" என்று புருஷனிடம் சொன்னது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். நானும் கேட்கட்டும் என்று, "ஆணி நல்லாப் பெருசா அடிங்க" என்று தமிழிலேயே சொன்னேன். தச்சர் விழித்தார்.

25 நவம்பர் 1973, ஞாயிறு

பெட்ரோல் தட்டுப்பாடு. இன்று நாடு முழுக்கக் கார் ஓடக்கூடாது. நெடுஞ்சாலையில் ஜனங்கள் நடந்து போகிறார்களாம். இவரும் அப்படி நடக்கப் போனார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. நான் கண்ணாடி அறையில் உட்கார்ந்தேன்.

வெயில் வரவில்லை.

குளிர்காலச் சூரியன் தாழ்வாகத் தெற்கிலேயே கிடக்கிறது. அது வரவேண்டிய வழி அவள் பக்கத்துக் கண்ணாடி. குறுக்கே என் பலகை. மேற்கே சாய்கிற நேரத்தில் ஓரமாகக் கொஞ்சம் வந்தது, அதற்குள் அந்தியாகிவிட்டது. பலகைக்கு அந்தப் பக்கம் அவள் பையன்கள், "அம்மா சுடுது, அம்மா சுடுது" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நவம்பரில் சுடுதாம்.

எப்படி இது தோன்றாமல் போயிற்று எனக்கு? மெர்க்கிளுக்குத் தோன்றியிருக்கும், இந்தத் தமிழ்க்காரர்களோடு நமக்கென்ன என்று விட்டிருப்பார். பலகையை எடுக்கச் சொல்லமாட்டேன். உறைந்து செத்தாலும் சொல்லமாட்டேன்.

17 ஜனவரி 1974

கம்பளிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அவள் பாடிக்கொண்டே துணி மடிக்கிறாள். சுருதியே இல்லை.

9 ஆகஸ்ட் 1974, வெள்ளி

டாக்டரம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார், மார்ச்சில் பிரசவம். இவர் அழுதார். நானும்தான். யாரிடமும் சொல்லவேண்டாம் என்றேன், முக்கியமாக அந்த வீட்டில்.

22 ஆகஸ்ட் 1974

தினமும் வாந்தி. இன்று கண்ணாடி அறையில் வாளியை வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் வாசலில் ஒரு எவர்சில்வர் தூக்கு. உள்ளே புளிச்சாதம், மேலே சுட்ட அப்பளம். மணியும் அடிக்கவில்லை, பேரும் சொல்லவில்லை. இவரைக் கூப்பிடக்கூட நேரமில்லாமல் நின்றபடியே அத்தனையும் தின்றேன். வாந்தி வரவில்லை.

23 ஆகஸ்ட் 1974

தூக்கைக் கழுவி, துடைத்து, வெறுமனே அவள் வாசலில் வைத்தேன். ஒரு பிடி சர்க்கரைகூடப் போடவில்லை. நம்மூரில் யாரும் வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பமாட்டார்கள், அது அவளுக்குத் தெரியும். தெரியட்டும் என்றுதான் வைத்தேன்.

"வெறுந்தூக்கா அனுப்பியிருக்கா" என்று பலகைக்குப் பின்னால் கேட்டது. அப்புறம் தூக்கை ணங்கென்று எங்கோ வைக்கிற சத்தம்.

13 மார்ச் 1975

பெண். நன்றாக இருக்கிறாள். நானும்.

27 ஏப்ரல் 1975, ஞாயிறு

குழந்தையோடு தோட்டத்தில் நின்றேன். அவர்கள் பக்கத்துத் தோட்டத்தில் அவள். வானத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள்: "பச்சப்பிள்ளைக்குக் காதுல காத்துப் படுது. குல்லா போடத் தெரியாதாக்கும் சில பேருக்கு."

யார் கேட்டார்கள் இவளை? உள்ளே வந்து குல்லா போட்டேன். நானே போடலாம் என்றுதான் இருந்தேன்.

6 ஜூலை 1975

சேதுராமனுக்கு மெட்ராஸில் வேலை. இந்த மாசக் கடைசியில் போகிறார்கள். வீட்டை விற்றாயிற்றாம். இவர் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நல்லது, தொலையட்டும் என்றேன்.

30 ஜூலை 1975, புதன்

காலையில் கதவைத் தட்டினாள். "கிரிஜா, போயிட்டு வர்றோம். ஒரு நிமிஷம் வாயேன்." குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். இரண்டாவது தடவை தட்டினாள். மூன்றாவது தடவை தட்டவில்லை. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, பையன்கள் சண்டை போடுகிற சத்தம், அவள் அவர்களை அதட்டுகிற சத்தம். அப்புறம் கார் போய்விட்டது.

தொல்லை விட்டது.

4 அக்டோபர் 1975, சனி

புது ஆட்கள் வயதான தம்பதி. ரொம்ப மரியாதை. கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இந்தப் பலகை உங்கள் வெளிச்சத்தை மறைக்கிறதே, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, எடுத்துவிட்டுக் கண்ணாடியே வைத்துக்கொள்ளலாமே என்று அந்த அம்மாளே கேட்டார். தச்சருக்குச் சொல்லிவிட்டோம்.

16 நவம்பர் 1975, ஞாயிறு

நல்ல வெயில். பலகை போய்க் கண்ணாடித் தடுப்பு வந்துவிட்டது. மத்தியானத்திலிருந்து சாய்கிறவரை வெயில் முழுக்க என் பக்கம். குழந்தை பாயில் கிடந்து அதைக் கையால் பிடிக்கப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெரியவர்கள் இரண்டு பேரும் பத்திரிகை படித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் புன்னகைக்கிறார்கள். சத்தமே இல்லை. இருமினால்கூட வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறார்கள்.

இவர் வேலை விஷயமாக வெளியூர். காலையிலிருந்து நான் வாயைத் திறந்தது குழந்தையிடம் மட்டும்தான்.

மெட்ராஸ் விலாசத்தை இவருடைய டைரியில் தேடி எடுத்து, அவளுக்குக் கடிதம் எழுதினேன். ஈசானிய மூலை இன்னும் ஒழுகுகிறது என்று ஆரம்பித்தேன். மிளகாய் நெடி, மூன்று சக்கர வண்டி, ஒரே ஒரு எலுமிச்சைப் பூ, எதையும் விடவில்லை. அன்றைக்குச் சொன்னீர்களே அக்கா, அந்த வார்த்தையைச் சாகிறவரை மன்னிக்கமாட்டேன் என்றும் எழுதினேன். எட்டுப் பக்கம் ஆயிற்று. குழந்தைக்குக் குல்லா போட்டு, தோளில் போட்டுக்கொண்டு, நடந்து போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

வாய்க்காரிதானே அவள். சும்மா விடமாட்டாள். பதிலுக்குப் பதில் திட்டி எழுதுவாள், எழுதவேண்டும். இங்கேயிருந்து மெட்ராஸுக்குத் தபால் போக எத்தனை நாள் ஆகும் என்று இவரைக் கேட்கவேண்டும்.