அப்பா சொல்லாமல் விட்ட கதை

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் அப்பா பேச்சை எடுத்தாலே, ‘அங்க மழையாம்மா?’ என்று கேட்டுவிடுகிறாய். கடிதத்தில் அப்படி நழுவ முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து படுத்தவருக்கு இப்போது கை கால் பரவாயில்லை. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். பேச்சுதான் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு படத்தைக் காட்டி, ‘இது என்ன சார்?’ என்று கேட்டால், ‘நாலு... ஆப்ஷன்... குடும்மா’ என்கிறார். அந்தப் பெண் சிரித்துவிட்டால் போதும், அன்றைக்கு ஒரு பிடி கூடவே சாப்பிடுவார்.

ஜவுளிக்கடை வாசலில் மைக்கைப் பிடித்துத் தள்ளுபடி கூவிக்கொண்டிருந்த மனிதர். துணி எடுக்க வந்த டிவிக்காரர் ஒருவர் கையோடு கூட்டிப்போனார். அப்புறம் பதினெட்டு வருஷம், டிவியில் அவர் நடத்திய அந்த வினாடி வினா மேடைதான் அவருக்கு எல்லாம். வீட்டில் நடந்ததெல்லாம் அங்கே சிரிப்புக் கதையாகப் போனது. நான் குழம்பில் உப்பை மறந்தது, நீ ஸ்கூட்டரைச் சுவரில் விட்டது. அதுவரை நீயும் கூடச் சேர்ந்துதான் சிரித்தாய். ஆனால் நிச்சயமான உன் கல்யாணம் நின்றுபோன அதே வாரம், ‘எங்க பொண்ணு போட்ட காபியைக் குடிச்சிட்டு ஓடின மாப்பிள்ளை, இன்னும் நிக்கல’ என்றார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. நீ பெட்டியைக் கட்டினாய். உன்னை நான் குறை சொல்லவில்லை.

போன வாரம் நிகழ்ச்சியின் ஆண்டு விழாவுக்கு அழைத்தார்கள். வேண்டாம் என்றேன். ‘ஒரே... தடவை’ என்று கெஞ்சினார். மேக்கப் போடும் அம்மா, தொங்கிய உதட்டோரத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார். இப்போது நடத்துகிற பையன் நல்லவன். கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துப் போனான். விவரம் தெரியாமல், ‘சார், உங்க பொண்ணு கதை ஒண்ணு சொல்லுங்க!’ என்று கேட்டுவிட்டான். கைதட்டல் அடங்கவே இல்லை.

அப்பா மைக்கை வாங்கினார். ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற இயக்குநர், போதும் என்று பையனுக்குக் கை காட்டத் தொடங்கிவிட்டார். அப்புறம், ‘அது... அவ கதை. நான்... சொல்லக் கூடாது’ என்றார். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

காரில் வரும்போது, ‘அந்தக் காபி... விஷயத்தை... எத்தனை பேர்... பார்த்திருப்பாங்க?’ என்று கேட்டார். ‘நம்ம பொண்ணு பார்த்தாளே, அது போதாதா?’ என்றேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது, ‘போன் பண்ணினா... எடுப்பாளா?’ என்றார்.

மன்னித்துவிடு என்று சொல்ல நான் யார்? அது உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே கூப்பிடுவார். எடு, கண்ணு. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் வெகுநேரம் சத்தமே இருக்காது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அப்பா அங்கேதான் இருப்பார்.

நீ எங்கிருந்தாலும் மனசு நிறைந்து வாழ வேண்டும்,
உன் அம்மா