பத்து நிமிடம் முந்தும் கடிகாரம்

என்னங்க,

நம் ஊர்ப் பாரம்பரிய விழா முடிந்தது. கோபித்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கும் அக்கா வீட்டில் உங்களுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

யாரும் பேருந்தைத் தவறவிடக் கூடாதென்று இத்தனை வருஷமும் மணிக்கூண்டைப் பத்து நிமிடம் முந்தியே ஓடவிட்டீர்கள். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள் என்று உங்களிடமிருந்து மணிக்கூண்டுச் சாவியைப் பிடுங்கினாரே விழாத் தலைவர், அவரே விழாவுக்கு முந்தின நாள் ஏறி நேரத்தைச் சரிசெய்தார். ஒருவரிடமும் சொல்லவில்லை.

மணிக்கூண்டைப் பார்த்ததும் பத்தைக் கழித்தே பழகிய ஜனம் நாம். சிறப்பு விருந்தினர் ஒன்பது மணிப் பேருந்தில் இறங்கியபோது நான் ஒருத்திதான் நின்றேன். பேண்டு வாத்தியம் மணிக்கூண்டில் ஒன்பது பத்து ஆனதும் வந்தது. பழக்கதோஷம், தலைவரும் அதோடுதான் வந்தார். விருந்தினர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான்.

நேற்று தலைவர் வீட்டுக்கு வந்தார். "அவரை வரச் சொல்லுங்கம்மா, பழையபடியே ஓடட்டும்" என்றார்.

"அவருக்கு ரோஷம் ஜாஸ்தி. நீங்களே எழுதிக் கேளுங்க" என்றேன்.

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்க மட்டும் எப்படிம்மா சரியா வந்தீங்க?" என்று கேட்டார். நம் கூடத்துக் கடிகாரத்தைக் காட்டினேன். அதிலும் நீங்கள் முந்தி வைத்த பத்து நிமிடத்தை நான் மாற்றவில்லை.

கடைசிப் பேருந்து நம் கடிகாரத்தில் ஆறு பத்துக்கு வரும்.

உங்கள் வீட்டுக்காரி