முருகேசன் எழுதிக் கொடுத்த தாள்

செவ்வாய்க்கிழமை இரவு, ஹெப்பகோடி.

இன்று கேன்டீனில் எங்கள் சூப்பர்வைசர் முருகேசன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். வேலை வேகமாக ஓட வேண்டும் என்று பிரஸ் மெஷினின் தடுப்பைக் கழற்றி வைத்தவன் அவன். அதில் என் வலது ஆள்காட்டி விரல் போன பிறகு, ரிப்போர்ட்டில் ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதியவனும் அவன்தான். கட்டுப் போட்ட கையோடு, இடது கையால் அதில் கையெழுத்துப் போட்டேன்.

“தப்பு என்னுதுதான்க்கா” என்றான்.

“வாயால சொன்னா போதாது. எழுதிக் குடு.”

ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்தும் போட்டான். தாளை நீட்டும்போது கண் கலங்கியிருந்தது.

“நாளைக்கே மேனேஜர்கிட்ட குடுத்துடுக்கா. வேலை போனாலும் பரவால்ல. நான் தூங்கியே ரொம்ப நாளாச்சு.”

தாள் இப்போது அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. கொடுத்தால் என் மேல் உள்ள பழி போய்விடும். அவனும் நிம்மதியாகத் தூங்கிவிடுவான். அதனால் நாளைக்குக் கொடுக்கப் போவதில்லை. “குடுத்துட்டியாக்கா?” என்று தினமும் வந்து கேட்கட்டும். இன்னும் இல்லை என்று சொல்வேன். அதுவரை கவனக்குறைவு என்னுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எழுதும்போதே கொட்டாவி வருகிறது. விரல் போனதிலிருந்து இதுதான் முதல் தடவை.